ஹீலா ஆற்றங்கரையில் நீரிழிவும் அதை அளந்தவர்களும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்குத் தெற்கே, ஹீலா ஆற்றங்கரையில் வாழும் பழங்குடியினர் அகிமெல் ஓதாம் மக்கள். வெளியார் அவர்களை பீமா என்று அழைத்தார்கள். மருத்துவ நூல்களில் நிலைத்ததும் அந்தப் பெயரே. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உலகில் அதுவரை எங்கும் பதிவாகாத அளவுக்கு இரண்டாம் வகை நீரிழிவு இவர்களிடையே காணப்பட்டது. சிறுபான்மை மக்களை இந்த நோய் ஏன் கூடுதலாகத் தாக்குகிறது, அந்த இடைவெளியைக் குறைக்கும் என்று தொடங்கப்படும் சமூகத் திட்டங்கள் உண்மையில் பயன் தருகின்றனவா என்ற இரு கேள்விகளும் நீண்ட காலம் சோதிக்கப்பட்ட இடங்களுள் இது முதன்மையானது. மற்ற பழங்குடிகளின் ஊர்களில் நடந்த முயற்சிகளும் இதனோடு பின்னிக் கிடக்கின்றன.

நோய்க்கு முன்னால் நீர் போனது. ஓதாம் மக்களின் முன்னோர் எனக் கருதப்படும் ஹோஹோகாம் மக்கள் இந்தப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டி விவசாயம் செய்தவர்கள். பின்வந்தவர்கள் மக்காச்சோளம், டெப்பரி எனப்படும் சிறு பயறு, பூசணி, பருத்தி ஆகியவற்றைப் பயிரிட்டார்கள். ஸ்பானியர் வழியாகக் கோதுமையும் வந்தது. ஆற்றில் மீன் கிடைத்தது. காட்டில் கள்ளிப் பழமும் மெஸ்கிட் மரத்தின் காய்களும் கிடைத்தன. மெஸ்கிட், தமிழ்நாட்டுச் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. அதன் இனிப்பான நெற்றுகளை இடித்து மாவாக்கி உண்பது அவர்கள் வழக்கம். 1849-இல் கலிபோர்னியாத் தங்கத்தைத் தேடி மேற்கே போன கூட்டங்களுக்கும், பின்னர் உள்நாட்டுப் போரின்போது வடபுலப் படைக்கும் கோதுமை விற்கும் அளவுக்கு அவர்கள் நிலம் விளைந்தது. 1859-இல் அந்த நிலம் அரசால் பழங்குடி ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது.

நிலத்தை ஒதுக்கிய அரசு நீரை ஒதுக்கவில்லை. 1870-கள் முதல் மேல்மடையில் குடியேறிய வெள்ளையர் ஆற்றைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கடைமடையில் ஆறு மணலாகிவிட்டது. பயிர் கருகியது, பட்டினி வந்தது, பிழைப்பதற்காக மெஸ்கிட் மரங்களையே வெட்டி விறகாக விற்க வேண்டிய நிலை வந்தது. உணவு தந்த மரமும் இப்படிப் போயிற்று. 1930-இல் கூலிட்ஜ் அணை திறக்கப்பட்டபோது நீர் திரும்பும் என்ற நம்பிக்கை பிறந்தது, ஆனால் போதிய நீர் ஒருபோதும் வரவில்லை. வயலின் இடத்தை அரசு வழங்கிய உணவு பிடித்தது. வெள்ளை மாவு, சர்க்கரை, பன்றிக் கொழுப்பு, பின்னர் டப்பாவில் அடைத்த இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவை அன்றாடச் சாப்பாடாயின. ஆற்று மக்களின் நீரிழிவைப் பற்றிப் பேசும் எந்தக் கணக்கும் இந்த வரலாற்றை முதல் வரியில் வைத்துத் தொடங்க வேண்டும். நெடுங்காலம் அப்படி நடக்கவில்லை.

இந்த நோய் அவர்களுக்குப் புதிது என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1908-இல் மானுடவியலர் அலெஷ் ஹிர்ட்லிச்கா தென்மேற்குப் பழங்குடிகளின் உடல்நலம் பற்றி வெளியிட்ட அறிக்கையில் நீரிழிவு பெரிய நோயாக இடம்பெறவில்லை. நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடியான எலியட் ஜாஸ்லின் அரிசோனாவில் கணக்கெடுத்து 1940-இல் வெளியிட்ட கட்டுரையில், பழங்குடியினரிடையே இந்நோய் மற்ற அமெரிக்கரிடம் காணும் அளவில்தான் இருப்பதாக முடிவு செய்தார். அடுத்த 25 ஆண்டுகளில் அந்த நிலை தலைகீழானது.

அதைக் கண்டறிந்தவர்கள் தேடிவந்தது வேறொரு நோயை. 1963-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு ஒன்று முடக்குவாதம் பற்றிய ஆய்வுக்காக அந்த ஒதுக்கிடத்துக்கு, அதாவது ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு, வந்தது. இரத்தப் பரிசோதனைகளில் சர்க்கரை அளவு அசாதாரணமாக உயர்ந்திருப்பதைக் கண்டு வியந்தது. 1965-இல் பீட்டர் பென்னட் உள்ளிட்டோர் தொடங்கிய நெடுங்கால ஆய்வு 2007 வரை நடந்தது. 5 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அழைத்து, குளுக்கோஸ் கரைசல் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 1971-இல் வெளிவந்த முதல் பெரிய அறிக்கையின்படி, 35 வயதைத் தாண்டியவர்களில் பாதிப் பேருக்கு நீரிழிவு இருந்தது.

இந்த ஆய்வுக்கு உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராமை எட்டினால் நீரிழிவு என்று இன்று சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மருத்துவர்கள் சொல்லும் வரம்பு நிலைபெற்றதில் இந்த மக்களின் இரத்த மாதிரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கருவிலிருக்கும்போது தாய்க்கு நீரிழிவு இருந்தால் பிள்ளைக்கு இளம் வயதிலேயே அது வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதும், குழந்தைகளுக்கும் இரண்டாம் வகை நீரிழிவு வரும் என்பதும் இங்கேதான் தெளிவாக நிறுவப்பட்டன. ஆனால் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்தது குறைவு. பல்லாண்டுகள் அளந்தும் அவர்களிடையே நோய் குறையவில்லை. நோயின் இயல்பான போக்கை அறிவதற்காக வகுக்கப்பட்ட ஆய்வு அது. நோயைத் தடுக்கும் திட்டம் அன்று. இந்த வேறுபாடு ஆய்வாளருக்குப் போதுமான விடை. ஒவ்வொரு முறையும் கையை நீட்டிய குடும்பங்களுக்கு அது போதுமான விடையாகாது.

விளக்கமும் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. மரபியலர் ஜேம்ஸ் நீல் 1962-இல் முன்வைத்த சிக்கன மரபணுக் கருதுகோள், பஞ்சகாலத்தில் கொழுப்பைச் சேமிக்க உதவிய மரபணுக்களே வளமான காலத்தில் நோயாகின்றன என்றது. நீல் அதை எல்லா மனிதருக்கும் பொதுவாகவே சொன்னார். பிற்காலத்தில் அதைத் திருத்தியும் எழுதினார். எனினும் பீமா மக்களைப் பற்றிய பேச்சில் அது ஒட்டிக்கொண்டது. உடலுக்குள்ளேயே விதி எழுதப்பட்டிருக்கிறது என்று சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் தடுப்புத் திட்டத்தை நம்பிக்கையோடு அணுகுவது கடினம். இந்த எண்ணத்தை அசைத்தது எல்லைக்கு அப்பால் நடந்த ஓர் ஒப்பீடு. மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியில் மைகோபா என்ற ஊரில் மரபால் நெருங்கிய பீமா மக்கள் அப்போதும் கையால் உழைத்து விவசாயம் செய்துவந்தார்கள். 2006-இல் வெளியான முடிவின்படி, அவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 6.9 சதவீதம், அரிசோனா பீமா மக்களில் 38 சதவீதம். ஒரே மரபு, இரு வாழ்க்கை என்பதால், வேறுபாட்டின் பெரும்பங்கை வாழும் நிலைமையே தருகிறது என்ற முடிவுக்கு இது வலுவூட்டியது.

தடுக்க முயன்ற முதல் திட்டங்கள் சிறியவை. நியூ மெக்சிகோவின் சூனி பழங்குடியினர் ஊரில் 1983-இல் உடற்பயிற்சித் திட்டம் ஒன்று தொடங்கியது. ஊராரே பயிற்சி பெற்று வகுப்புகளை நடத்தினார்கள். ஓட்டமும் துள்ளல் பயிற்சியும் நடந்தன. பங்கேற்ற நோயாளிகள் சராசரியாக 4 கிலோ எடை குறைந்தார்கள், சர்க்கரையும் இறங்கியது, சிலர் மருந்தை நிறுத்த முடிந்தது. வராதவர்களோடு ஒப்பிட்டால் இது நல்ல பலன். ஆனால் இத்தகைய மதிப்பீட்டின் அடிப்படைச் சிக்கலும் இங்கேயே தலைகாட்டியது: வகுப்புக்குத் தானாக வருபவர் ஏற்கெனவே மாற விரும்புகிறவர். வந்தவரையும் வராதவரையும் ஒப்பிடும்போது திட்டத்தின் பலனையும் அந்த விருப்பத்தின் பலனையும் பிரித்தெடுக்க முடிவதில்லை.

கனடாவில், மாண்ட்ரியால் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள மோஹாக் ஊரான கானவாகேயில் கதை வேறுவிதமாகத் தொடங்கியது. அந்த ஊர் மருத்துவமனையில் பணியாற்றிய லூயி மோண்டூர், ஆன் மக்காலே இருவரும் 1985-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள்: 45 முதல் 64 வயதுள்ளவர்களில் 12 சதவீதம் பேருக்கு நீரிழிவு, பொது மக்கள்தொகையில் காண்பதைப் போல இரு மடங்கு. முடிவுகளை அவர்கள் ஊர் மக்கள் முன்பும் வைத்தார்கள். பிள்ளைகளுக்காவது இது வராமல் ஏதாவது செய்யுங்கள் என்று பெரியவர்கள் கேட்டதன் விளைவாக 1994-இல் பள்ளித் தடுப்புத் திட்டம் பிறந்தது. ஆய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊரின் ஆலோசனைக் குழு அமர்ந்தது. தரவு யாருக்குச் சொந்தம், முடிவை வெளியிடும்முன் யாரிடம் காட்ட வேண்டும் என்பதை எல்லாம் எழுதிவைத்த ஆய்வு நெறிமுறை ஒன்று உருவானது. பின்வந்த பல பழங்குடி ஆய்வுகளுக்கு அது முன்மாதிரி.

அதன் எட்டாண்டு முடிவு 2005-இல் வந்தபோது பெருமிதத்துக்கு அதிக இடமில்லை. தொடக்க ஆண்டுகளில் குழந்தைகளின் தோலடிக் கொழுப்பில் சிறு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் உடல் நிறைக் குறியீடு, உடலுழைப்பு, உணவு ஆகியவற்றில் நிலைத்த மாற்றம் இல்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றம் 2003-இல் முடிவு வெளியான பாத்வேஸ் சோதனை. ஏழு பழங்குடிச் சமூகங்களில் 41 பள்ளிகள், 1,704 குழந்தைகள், மூன்றாண்டுப் பாடத்திட்டம், மாற்றிய மதிய உணவு, கூடுதல் விளையாட்டு. மதிய உணவில் கொழுப்பு குறைந்தது. குழந்தைகளின் அறிவும் கூடியது. உடல் கொழுப்பின் விகிதம் மட்டும் மற்றப் பள்ளிக் குழந்தைகளிடமிருந்து வேறுபடவில்லை. பள்ளி நாளில் சில மணி நேரத்தை மாற்றுவதால் மட்டும் வீட்டுச் சமையலறையையும் ஒதுக்கிடத்துக் கடைகளையும் மாற்றிவிட முடியாது. இந்தத் தோல்வியை மறைக்காமல் வெளியிட்டது அந்த ஆய்வாளர்கள் செய்த பெரும் சேவை.

இவற்றுக்கிடையே 1998-இல் வெளிவந்த ஒரு சிறு ஆய்வு இன்றும் சிந்திக்க வைக்கிறது. உடல் பருமன் கொண்ட, ஆனால் நீரிழிவு வராத 95 பீமா மக்களை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கட்டுக்கோப்பான உணவு, உடற்பயிற்சி ஆலோசனை. மற்றதற்கு அப்படி எதுவும் இல்லை. கூடி அமர்ந்து தங்கள் வரலாறு, பண்பாடு, இன்றைய வாழ்க்கை பற்றிப் பேசினார்கள், உள்ளூர்ப் பேச்சாளர்களைக் கேட்டார்கள். ஓராண்டு கழித்து முதல் குழுவின் எடை சராசரியாக 2.5 கிலோ கூடியிருந்தது. இரண்டாவது குழுவில் 0.8 கிலோ மட்டுமே. இரண்டு மணி நேரச் சர்க்கரை அளவிலும் வரலாறு பேசிய குழுவே மேலாக நின்றது. இது முன்னோட்ட ஆய்வு மட்டுமே, இதை வைத்துச் சட்டம் வகுக்க முடியாது. ஆனால் ஆய்வாளர்கள் ஒப்பீட்டுக்காக வைத்த குழுவே முந்தியது என்பது, உணவுப் பட்டியல் மட்டும் கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கையை உலுக்கியது.

தடுக்கவே முடியாதோ என்ற ஐயத்தைத் தீர்த்தது நாடளாவிய நீரிழிவுத் தடுப்புச் சோதனை. 1996-இல் தொடங்கிய அதில் 27 மையங்களில் 3,234 பேர் சேர்க்கப்பட்டனர். ஏறத்தாழ 45 சதவீதம் பேர் சிறுபான்மை இனத்தவர். பழங்குடியினர் 171 பேர். உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது என்ற இலக்கோடு 16 பாடங்கள் கொண்ட பயிற்சி, மெட்ஃபார்மின் மாத்திரை, வெற்று மாத்திரை என மூன்று பிரிவுகள். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 2001-இல் குறித்த காலத்துக்கு முன்பே சோதனை நிறுத்தப்பட்டது. ஆண்டுக்கு 100 பேரில் வெற்று மாத்திரைப் பிரிவில் 11 பேருக்கும், பயிற்சிப் பிரிவில் 4.8 பேருக்கும் நீரிழிவு வந்தது. ஆய்வின் கணக்கில் இது 58 சதவீதக் குறைவு. மெட்ஃபார்மின் 31 சதவீதம் குறைத்தது. பயிற்சியின் பலன் எல்லா இனத்தாரிடமும் ஒத்திருந்தது. மரபணு விதியைப் பற்றிய பேச்சுக்கு இதைவிட வலுவான மறுப்பு இல்லை.

அடுத்து எழுந்த கேள்வி, சம்பளம் பெறும் ஆய்வு ஊழியர் குழுவும் கட்டணமில்லாப் பரிசோதனையும் இல்லாத ஓர் ஒதுக்கிட மருத்துவமனையில் இது நடக்குமா என்பது. அதற்கான பணம் 1997-இல் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டத்தின் வழியே வந்தது. பழங்குடியினருக்கான சிறப்பு நீரிழிவுத் திட்டம் ஆண்டுக்கு 3 கோடி டாலரோடு தொடங்கி, 2004-க்குள் 15 கோடியாக வளர்ந்தது. ஏறத்தாழ 300 பழங்குடி, நகர்ப்புற மருத்துவத் திட்டங்களுக்கு அது பிரித்தளிக்கப்பட்டது. பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை வாஷிங்டன் முடிவு செய்யவில்லை. ஓர் ஊர் கால் பரிசோதனைக்கு ஆள் வைத்தது, மற்றொன்று நடைபாதை போட்டது, இன்னொன்று சமையல் வகுப்பு நடத்தியது.

இப்படி ஊருக்கு ஊர் வேறுபடும் திட்டத்தை ஒரே தராசில் நிறுப்பது எப்படி? அங்கே உதவிக்கு வந்தது பழைய, பளபளப்பில்லாத ஒரு வேலை. மத்திய அரசின் பழங்குடிச் சுகாதாரத் துறை 1986 முதலே ஆண்டுதோறும் நோயாளிக் கோப்புகளைத் தணிக்கை செய்துவந்தது. இரத்த அழுத்தம் அளந்தார்களா, பாதத்தைப் பார்த்தார்களா, கண்ணைப் பரிசோதித்தார்களா, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்பவை எல்லா ஊருக்கும் ஒரே படிவத்தில் பதிவாயின. புதிய பணம் வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே தொடங்கிய இந்தப் பதிவு இல்லையென்றால், முன்னும் பின்னும் ஒப்பிட வழியே இருந்திருக்காது.

தடுப்பு முயற்சியைத் தனியாகச் சோதிக்க 36 மருத்துவத் திட்டங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை சேவை செய்த பழங்குடிகள் 80. அதே 16 பாடங்களை ஊருக்கேற்ப மாற்றி, நீரிழிவின் விளிம்பில் நின்ற 2,553 பேருக்குக் கற்பித்தார்கள். 2013-இல் வெளியான முடிவில் நீரிழிவு வந்தவர்கள் ஆண்டுக்கு 4 சதவீதம். எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகளும் மேம்பட்டன. பெரிய சோதனையின் பயிற்சிப் பிரிவுக்கு இது நிகரானது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. பாடம் முடிந்ததும் பரிசோதனைக்கு வந்தவர்கள் 74 சதவீதம், மூன்றாம் ஆண்டில் 33 சதவீதம் மட்டுமே. அதிக வகுப்புக்கு வந்தவர்களிடம் பலன் அதிகம் என்பதும் தெரிந்தது. சூனி ஊரில் தலைகாட்டிய அதே சிக்கல் இங்கும் தொடர்கிறது. வராமல் போனவர்கள் யார், பேருந்து இல்லாதவர்களா, இரவு வேலைக்குப் போகிறவர்களா, பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களா என்ற கேள்விக்கான விடையில்தான் அடுத்த திட்டத்தின் வடிவம் இருக்கிறது.

மிகத் திடமான வெற்றி கிடைத்தது தடுப்பில் அன்று, சிகிச்சையில். 1996-இல் பழங்குடிப் பெரியவர்களில் ஒரு லட்சம் பேருக்கு 57.3 பேர் நீரிழிவால் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகத்தை நாட வேண்டியிருந்தது. 2013-இல் அது 26.5 ஆகக் குறைந்தது. 54 சதவீத வீழ்ச்சி. வேறெந்த இனத்தாரிடமும் இந்த அளவுக்கு இல்லை. சிறுநீரகத்தைக் காக்கும் இரத்த அழுத்த மருந்தைப் பரவலாகக் கொடுத்தது, சிறுநீரில் புரதத்தை முன்கூட்டியே பார்த்தது, மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், உணவு ஆலோசகர், ஊர்ச் சுகாதாரப் பணியாளர் எல்லோரும் ஒரே குழுவாக நோயாளியைப் பின்தொடர்ந்தது ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சியின் சராசரி அளவும் 1996-இல் 9 சதவீதமாக இருந்து 2014-இல் 8.1 ஆக இறங்கியது. தவிர்க்கப்பட்ட டயாலிசிஸ் செலவை மட்டும் எண்ணி, பத்தாண்டில் 43 கோடி டாலருக்கு மேல் மிச்சமானதாக 2019-இல் மத்திய சுகாதாரத் துறை கணக்கிட்டது. அதே காலத்தில் மருந்துகளும் மேம்பட்டன என்பதால் முழுப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்க இயலாது. ஆனால் அந்த மருந்துகள் மற்ற எல்லோருக்கும் கிடைத்தும் அவர்களிடம் வீழ்ச்சி இந்த அளவு இல்லை என்பது திட்டத்தின் பக்கமே நிற்கும் சான்று.

அளப்பவர்மீது நம்பிக்கை குலைந்த நிகழ்வும் இதே அரிசோனாவில் நடந்தது. பெரும்பள்ளத்தாக்கின் அடியில் வாழும் ஹவசுபாய் மக்கள் 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே மாதிரிகள் மனப்பிளவு நோய், உறவுக்குள் கலப்பு, மூதாதையர் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது பின்னர் தெரியவந்தது. வழக்கு நடந்து, 2010-இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது, மிஞ்சிய மாதிரிகளும் திரும்பி வந்தன. நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி அமைப்பான நவஹோ தேசம் 2002-லேயே மரபணு ஆய்வுகளுக்குத் தடை விதித்திருந்தது. இன்று பல பழங்குடிகள் தங்கள் சொந்த ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு கேள்வித்தாளையும் அனுமதிப்பதில்லை. தாமதம் என்று வெளியார் அலுத்துக்கொள்ளும் இந்த நடைமுறை நியாயமானது; நெடுங்காலம் கொடுத்துப் பெற்ற அனுபவம் அது.

வகுப்பறையைத் தாண்டிய முயற்சிகளும் மெல்லத் தொடங்கின. நவஹோ தேசம் 2014-இல் இயற்றிய சட்டத்தின்படி நொறுக்குத் தீனிக்கும் இனிப்புப் பானங்களுக்கும் 2 சதவீதக் கூடுதல் வரி விதிக்கப்பட்டது. காய்கனிகளுக்கு விற்பனை வரி நீக்கப்பட்டது. வசூலான பணம் ஊர்களின் நலத் திட்டங்களுக்குப் போகிறது. ஹீலா ஆற்றுச் சமூகத்துக்கு 2004-இல் நிறைவேறிய நீர் உடன்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி நீருக்கு உரிமை அளித்தது. டெப்பரி பயறு மீண்டும் விளைகிறது, விற்கிறது. நீரைத் திருப்பிக் கொடுப்பது நீரிழிவுத் திட்டமாக எந்தப் பட்டியலிலும் இல்லை. அதன் பலனைக் கணக்கிட ஒரு தலைமுறையாவது காத்திருக்க வேண்டும்.

பழங்குடிச் சுகாதாரத் துறையின் பதிவேட்டில் நீரிழிவு உள்ள பெரியவர்களின் விகிதம் 2013-இல் 15.4 சதவீதமாக இருந்து 2017-இல் 14.6 ஆகக் குறைந்தது. இத்தனை ஆண்டுகளில் ஏறுமுகம் நின்று இறங்கியது இதுவே முதல்முறை. எனினும் அமெரிக்காவின் மற்ற எந்த இனத்தாரைவிடவும் இது அதிகமே. இந்தக் கணக்கிலும் ஓர் இடைவெளி உண்டு. பழங்குடியினரில் பெரும்பாலோர் இன்று ஒதுக்கிடங்களில் இல்லை, நகரங்களில் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் துறையின் மருத்துவமனைக்கு வருவதில்லை. இறப்புச் சான்றிதழில் அவர்களின் இனம் தவறாகப் பதியப்படுவதும் வழக்கம். சிறப்புத் திட்டத்துக்கான பணமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சில சமயம் சில மாதங்களுக்கு மட்டும் புதுப்பிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாத ஊழியரை வைத்துக்கொண்டு, பத்தாண்டுகள் தொடர வேண்டிய பதிவை நடத்தும் நிலை இன்னும் மாறவில்லை.